டயரின் அளவும் ரிம்மின் அகலமும்



பாடியில் வீல்ஸ் இந்தியா நிறுவனம் 1960-களிலிருந்து வாகனச் சக்கரங்களைச் செய்துவருகிறது; அதற்குச் சில கிலோமீட்டர் மேற்கே, அம்பத்தூரில், டன்லப் டயர் ஆலை பல்லாண்டுகள் இயங்கியது. ஓரிடத்தில் வளைத்த இரும்பும் வேறோரிடத்தில் வார்த்த ரப்பரும் காற்றுக் கசியாமல் பொருந்துகின்றன என்றால், இரண்டு ஆலைகளும் ஒரே அளவு அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருப்பதுதான் காரணம். இந்தியாவில் அந்த அட்டவணையை இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு வெளியிடுகிறது. எந்த டயருக்கு எவ்வளவு அகலமான ரிம் தகும் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ டயர் மாற்ற வருபவர் பெரும்பாலும் ‘பதினைந்து இன்ச்’ என்று விட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதால், அகலத்தைப் பற்றிய கேள்வி எழாமலே போகிறது. தொழில் பழகும் இளைஞர் முதலில் கேட்கப் பழக வேண்டிய கேள்வி அதுவே.

மாருதி ஸ்விஃப்டின் உயர் வகைகளில் வரும் 185/65 ஆர் 15 என்ற டயரை எடுத்துக்கொள்ளலாம். 185 என்பது டயரின் குறுக்கு அகலம், மில்லிமீட்டரில்; 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; ஆர் என்பது உள்ளே இழைகள் ஆரவாக்கில் ஓடும் ரேடியல் கட்டமைப்பு; 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக, பக்கச் சுவர் சுமார் 120 மி.மீ. உயரம், அதை மேலும் கீழுமாக இருமுறை எடுத்து, ரிம்மின் 381 மி.மீ. விட்டத்தோடு கூட்டினால், டயரின் முழு விட்டம் 621.5 மி.மீ. ஆகும். அதே காரின் தொடக்க வகைகளில் வந்த 165/80 ஆர் 14 டயருக்கு இக்கணக்கைப் போட்டால் 619.6 மி.மீ. வருகிறது. ரிம் ஓர் அங்குலம் சிறுத்தும் முழு விட்டத்தில் 2 மி.மீ. கூட வேறுபடாதபடி பொறியாளர்கள் பார்த்துக்கொண்டது, வேகமானியும் கியர் விகிதமும் சக்கரக் குழியின் இடைவெளியும் அந்த விட்டத்தை நம்பியே அமைந்திருப்பதால்தான்.

ரிம்மின் அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: அலாய் வீலில் பெரும்பாலும் ஆரக்காலின் உட்புறத்தில், இரும்பு டிஸ்க்கில் வால்வுத் துளையின் அருகே அல்லது நடுப்பகுதியில். 5½ ஜே × 15 என்றிருந்தால், அகலம் ஐந்தரை அங்குலம், விட்டம் 15 அங்குலம். ஜே என்பது டயரைத் தாங்கிப் பிடிக்கும் ஓர விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. இங்கே அகலம் என்பது இரு விளிம்புகளின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம். டேப்பை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் பிடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும் என்பதால், அப்படி அளந்து டயர் வாங்குபவர் தம் ரிம்முக்குப் பொருந்தாத அகல டயரோடு திரும்ப நேரிடும்.

185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6½ அங்குலம் வரையிலான ரிம் அகலம் ஏற்கப்படுகிறது. ரிம் தேவைக்குக் குறுகினால் டயரின் இரு ஓரங்களும் நெருக்கப்பட்டு, பக்கச் சுவர் புடைத்து, தரையில் படும் பட்டன் பகுதி நடுவில் மேடிட்டு அங்கேயே விரைந்து தேயும். வளைவில் ஸ்டீயரிங் திரும்பிய பிறகே வண்டி தயங்கித் திரும்பும். ரிம் மிகுந்து அகன்றாலோ சுவர் இழுபட்டு, விளிம்பு வெளியே தெரிந்து, நடைபாதைக் கல்லில் உரசும் முதல் பொருள் ரிம்மாகிவிடும். தோற்றத்துக்காகப் பழைய டிஸ்க்கிலேயே 205/65 ஆர் 15 ஏற்றுவது பரவலாக நடக்கிறது. அந்த டயருக்கு ஐந்தரை அங்குலம் அட்டவணையின் கடைசிப் படி என்பது ஒருபுறமிருக்க, முழு விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடுவதால், வேகமானி முன்பு சரியாகக் காட்டியிருந்தாலும் இனி 80 என்று காட்டும்போது வண்டி 83 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய ரிம்மே வேண்டுமென்றால் 195/55 ஆர் 16 விட்டக் கணக்கில் இசைகிறது: 620.9 மி.மீ. ஆனால் அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீட்டெண்ணையும் படிக்க வேண்டும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இந்த 16 அங்குல டயரில் வழக்கமாகக் காணப்படும் 87 என்றால் 545 கிலோ. காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையோ கையேடோ கேட்கும் எண்ணுக்குக் குறைந்த டயரை ஏற்றவே கூடாது. பக்கச் சுவரும் 107 மி.மீ. ஆகக் குறைகிறது, வடகிழக்குப் பருவமழையில் நீர் மூடிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாத திருவள்ளூர் நெடுஞ்சாலைப் பகுதிகளில், அந்த 13 மி.மீ. இழப்பு ரிம்மை வளைக்கப் போதும். அம்பத்தூரில் அன்றாடம் ஓடும் காருக்கு நிறுவனம் தந்த அளவே மேலானது.

டயரை ஏற்றும்போது, ஓரத்தில் கம்பி பொதிந்த பீட் என்னும் வளையம் சோப்பு நீரின் வழுக்கலில் ரிம்மின் இருக்கையில் ஏறி அமர, இரு பக்கத்துக்குமாக இரண்டு முறை ‘டப்’ என்ற ஓசை கேட்கும். 40 பிஎஸ்ஐ வரை காற்று ஏறியும் அது கேட்கவில்லையென்றால், மேலும் காற்றேற்றாமல் முழுவதையும் இறக்கிவிட்டு, டயரிலும் டிஸ்க்கிலும் உள்ள எண்களை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். பீட் அமர்ந்த பிறகு, பக்கச் சுவரின் அடியில் ஓடும் மெல்லிய வட்டக்கோடு ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே சக்கரத்தைப் பேலன்சிங் இயந்திரத்தில் மாட்ட வேண்டும்.