கழுத்து ஸ்கேன் யாருக்குத் தேவை?

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ திடீரென ஒரு கை தளர்கிறது. வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது அல்லது ஒரு கண் மட்டும் திரை விழுந்ததுபோல் மறைகிறது. சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடுகிறது. "பித்த மயக்கம்" என்று நாம் விட்டுவிடுகிறோம். இது பித்தமல்ல, பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை. அடுத்த சில நாட்களே மிகவும் ஆபத்தானவை.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் கழுத்தில் இருக்கலாம். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாய்கள் உள்ளன. ரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி, சிகரெட் ஆகியவற்றால் அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு வெடித்து, ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வருகிறது.

இதைக் காட்டுவதுதான் டாப்ளர் ஸ்கேன். கழுத்தில் ஜெல் தடவி, ஒலி அலைகளால் பார்க்கிறார்கள். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படிவின் தடிமனும் தன்மையும் தெரியும். மிருதுவான படிவு, சுண்ணாம்பு ஏறிக் கெட்டியானதைவிடப் பொதுவாக ஆபத்தானது. வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதுபோல, அடைப்புள்ள இடத்தில் ரத்தமும் வேகமெடுக்கும். அந்த வேகம் நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால், அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று, அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களைக் கவனித்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் 100-க்கு 26 பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அடைப்பை அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களில் 9 பேருக்கே வந்தது. அறிகுறி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

எந்த அறிகுறியும் இல்லாத எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. பரிசோதனைப் பேக்கேஜில் இருக்கிறதே என்று பணம் கட்ட வேண்டாம். அந்தப் பணம் அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் உதவும். நோன்புக் காலத்தில் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வோம். நாமாக நிறுத்த வேண்டாம்.

அறிகுறி தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. சரியாகிவிட்டாலும் அன்றே ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய், "கழுத்து ஸ்கேன் தேவையா?" என்று கேளுங்கள்.