கண்ணும் கருவியும்

நுழையும்முன்

மனிதன் படைத்த கருவிகளுள் பெரும்பாலானவை அவனுடைய உடலுழைப்பைக் குறைத்தன. ஏற்றம் நீரை இறைத்தது; எந்திரம் நெல்லை அரைத்தது; ஊர்தி சுமையைச் சுமந்தது. செயற்கை நுண்ணறிவோ பார்த்தல், ஒப்பிடுதல், முடிவெடுத்தல் ஆகிய அறிவுப் பணிகளையே ஏற்றுக்கொள்கிறது. அப்பணிகளை முற்றிலும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் மனிதனிடம் எஞ்சுவது என்ன? பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோள வயலில் நின்று இவ்வினாவை எழுப்புகிறது இப்பாடம்.

மானாவாரி மண்ணில் புதிய பகை

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே அமைந்த ஊர் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் திருக்கோயிலால் பலரும் அறிந்த ஊர் இது. கோயிலையும் நெடுஞ்சாலையையும் கடந்து சென்றால் வானத்தை நம்பி வாழும் வயல்கள் விரிகின்றன. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை இம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர்கள். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது.

2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி விதைக்கப்பட்ட மக்காச்சோளத்தில் உழவர்கள் அதுவரை கண்டிராத சேதத்தைக் கண்டனர். இலைகள் கிழிந்து சல்லடையாயின. குருத்துகளில் மரத்தூள் போன்ற கழிவு நிறைந்திருந்தது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு அது. 2016இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட அப்புழு, 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் காணப்பட்டது. அடுத்த சில மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் வயல்களிலும் பரவியது. தலைமுறைகளாகத் திரண்ட உழவறிவில் அப்புழுவுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

விரலின் அறிவு

மக்காச்சோளத்தைத் தாக்கும் பூச்சிகள் பல. தண்டுத்துளைப்பான் இலையில் வரிசையாகச் சிறுசிறு துளைகளை இடும். படைப்புழுவோ ஒழுங்கற்ற பெரிய துளைகளை உண்டாக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறியக் குருத்தைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அங்கே கழிவு எவ்வளவு ஈரமாக உள்ளது, புழு எவ்வளவு வளர்ந்துள்ளது, வயலில் எத்தனை செடிகள் தாக்கப்பட்டுள்ளன என்பவற்றை எல்லாம் உழவர் கண்டறிவார். இளம்புழு இலைப்பரப்பைச் சுரண்டும் நிலையிலேயே அடையாளம் கண்டால் அதனைக் கட்டுப்படுத்துதல் எளிது. வளர்ந்த புழு குருத்தின் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும். அதன்பின் தெளிக்கும் மருந்து அதனைச் சென்றடைவது அரிது.

காலந்தவறாத கவனிப்பே இங்குப் பயிரைக் காக்கிறது. வேளாண் அலுவலர்களும் அறிவியலாளர்களும் புதிய புழுவின் அடையாளங்களை உழவர்களுக்குக் கற்பித்தனர். கோடை உழவு செய்து மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படுத்துதல், வேப்பம்புண்ணாக்கு இடுதல், வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் முதலிய முறைகள் பரப்பப்பட்டன. அடுத்தடுத்த பருவங்களில் உழவரின் விரல் புதிய பகையைத் தேடக் கற்றுக்கொண்டது.

திறன்பேசியின் கண்

இப்பணியில் இன்று கருவியும் துணைநிற்கிறது. தமிழ்நாடு அரசின் ‘உழவன்’ செயலி 2018இல் அறிமுகமானது. பாதிக்கப்பட்ட பயிரை ஒளிப்படம் எடுத்து அனுப்பினால் பூச்சியையோ நோயையோ செயற்கை நுண்ணறிவின் துணையால் இனங்கண்டு தீர்வு கூறும் வசதி பின்னர் அதில் இணைக்கப்பட்டது. வேளாண் அலுவலரைத் தேடிச் செல்ல நேரமில்லாத உழவருக்கு இது பெரும் பேறு.

இத்தகைய செயலி எவ்வாறு கற்கிறது? வல்லுநர்கள் பெயரிட்டு வகைப்படுத்திய பல்லாயிரம் ஒளிப்படங்கள் கணினிக்கு அளிக்கப்படுகின்றன. எந்த நிறமும் வடிவமும் எந்த நோயோடு சேர்ந்து வருகின்றன என்பதைக் கணினி கணக்கிட்டு உள்வாங்குகிறது. புதிய படம் ஒன்றைக் கண்டதும் தான் முன்பு கண்டவற்றுள் அது எதனை ஒத்திருக்கிறது என்று கணித்துச் சொல்கிறது. எங்கோ ஒரு வயலில் யாரோ ஒருவர் குருத்தைப் பிரித்துப் பார்த்துப் பெயரிட்டதன் பயனே செயலியின் அறிவு. அது கடன்வாங்கிய கண்.

ஆய்வுக்கூடமும் வயலும்

கடன்வாங்கிய கண்ணுக்கு எல்லை உண்டு. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 14 வகைப் பயிர்களையும் 26 நோய்களையும் காட்டும் 54,306 இலைப்படங்களைக் கொண்டு ஒரு கணினி பயிற்றுவிக்கப்பட்டது. அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது 99 விழுக்காட்டுக்கும் மேலாகச் சரியான விடை கிடைத்தது. வேறு சூழல்களில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோதோ அத்துல்லியம் 31 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. ஆய்வாளர்கள் இவ்விரு முடிவுகளையும் மறைக்காமல் வெளியிட்டனர்.

பின்வந்த மென்பொருள்கள் மேம்பட்டுள்ளன. எனினும் அவ்வாய்வு உணர்த்தும் உண்மை மாறவில்லை. ஒற்றை இலையைச் சீரான பின்புலத்தில் எடுத்த படம் வேறு. காற்றில் ஆடும் பயிரை, புழுதி படிந்த இலையை, நண்பகல் வெயிலில் எடுத்த படம் வேறு. கருவியின் விடை எந்தச் சூழலிலும் ஒரே உறுதியான தோற்றத்துடன் திரையில் மிளிர்கிறது. தவறான விடைக்கும் அதே எழுத்து, அதே ஒளி. அதனை நம்பித் தேவையற்ற மருந்தைத் தெளித்தால் பணம் வீணாகும்; படைப்புழுவின் முட்டைகளை அழிக்கும் குளவிகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும்; உண்மையான பகை வளர்ந்துகொண்டே இருக்கும். விடையைச் சரிபார்க்கக் குருத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

பழக்கம் விட்ட கை

‘கருவி தவறும்போது மனிதன் பார்த்துக்கொள்வான்’ என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கையின் ஓட்டையை உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே சுட்டிக்காட்டினார். எளிய பணிகளை எல்லாம் தானியங்கி செய்துவிட, அதனால் இயலாத கடினமான தருணங்கள் மட்டும் மனிதனிடம் வந்து சேர்கின்றன. அன்றாடப் பயிற்சியை இழந்த மனிதன் அத்தருணத்தில் திகைக்கிறான் என்பது அவர் கருத்து.

2009 ஜூன் 1ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ஏர் பிரான்சு 447 வானூர்தி இதற்குச் சான்றாயிற்று. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிப்படிகங்கள் அடைத்தன. முரண்பட்ட அளவுகளைப் பெற்ற தானியங்கி தன் பணியை நிறுத்திக் கட்டுப்பாட்டை விமானிகளிடம் அளித்தது. குழப்பத்தில் வானூர்தியின் முனை மேல்நோக்கி உயர்த்தப்பட்டது. அது மிதக்கும் ஆற்றலை இழந்து, ஐந்து நிமிடங்களுக்குள் அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்தது. பயணம் செய்த 228 பேரும் உயிரிழந்தனர். விபத்துக்குக் காரணங்கள் பல; நெருக்கடியில் கையால் வானூர்தியைச் செலுத்தும் பயிற்சிக் குறைவு அவற்றுள் ஒன்று. தானியங்கியின்றிப் பறக்கும் பழக்கத்தை விமானிகளிடம் ஊக்குவிக்குமாறு அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் 2013இல் வானூர்தி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

நம்பும்படி அமைந்த பொய்

மாணவர்கள் இன்று பயன்படுத்தும் உரையாடு செயலிகளுக்கும் இது பொருந்தும். அச்செயலிகள் பெருந்தொகையான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துத் தொடர்களை அமைக்கின்றன. தொடர் இயல்பாக அமைவதும் செய்தி உண்மையாக இருப்பதும் வேறுவேறு. 2023இல் நியூயார்க்கு நீதிமன்றம் ஒன்றில், வழக்குரைஞர்கள் அளித்த மனுவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோள்களாக இடம்பெற்றிருந்தன. உரையாடு செயலி அவற்றைப் பெயரோடும் எண்ணோடும் புனைந்து தந்திருந்தது. ‘இவை உண்மையானவையா?’ என்று அச்செயலியிடமே கேட்கப்பட்டது. அதுவும் ‘ஆம்’ என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. தண்டம் விதிக்கப்பட்டது மனிதருக்கே, செயலிக்கு அன்று.

கட்டுரை எழுதும் மாணவருக்கு அதனினும் பெரிய இழப்பு உண்டு. சொல்லைத் தேடித் தடுமாறுதல், எழுதியதை அடித்தல், மீண்டும் எழுதுதல் ஆகியவற்றினூடே சிந்தனை உருப்பெறுகிறது. தடுமாற்றத்தைச் செயலியிடம் ஒப்படைத்தவர் கட்டுரையைப் பெறுகிறார், சிந்தனையைப் பெறுவதில்லை. ஒன்றைத் தானே எழுதிப் பழகாதவரால் கருவி எழுதியதில் பிழை எங்குள்ளது என்றும் கண்டறிய இயலாது.

அறமும் பொறுப்பும்

தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. கருவியின் முடிவுகள் வெளிப்படையாக இருத்தல், அவற்றுக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாதல், தவறான பயன்பாட்டைத் தடுத்தல், தரவுக் குறைபாட்டையும் எண்ணிம இடைவெளியையும் கருதிப் பார்த்தல், அறம், நடுவுநிலைமை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. நல்ல இணைய வசதியும் விலையுயர்ந்த திறன்பேசியும் இல்லாத உழவரின் வயலிலிருந்து படங்கள் குறைவாகவே வரும். படங்கள் குறைந்தால் அவ்வயலைப் பற்றிய கருவியின் அறிவும் குறையும். ஆகவே, கொள்கையில் உள்ள ‘தரவுக் குறைபாடு’ என்னும் சொல் சிறுவாச்சூரின் மானாவாரி நிலத்தையும் தொடுகிறது.

அடுத்த புழு

2018இல் சிவமொக்காவில் படைப்புழுவை முதலில் கண்டவர்கள் வயலில் இறங்கித் தேடிய அறிவியலாளர்கள். இம்மண்ணில் எடுத்த ஒரு படம்கூட இல்லாத புழுவை எந்தச் செயலியும் இம்மண்ணில் கற்றிருக்க முடியாது. இன்னும் பெயரிடப்படாத அடுத்த பகை ஒருநாள் வரும். ‘இது நான் முன்பு கண்டதன்று’ என்று ஐயுறும் மனிதக்கண்ணே அன்றும் அதனை முதலில் காணவேண்டும். அக்கண் பழக்கமற்று மங்கிப்போனால் கருவிக்குக் கற்பிக்கவும் ஆளிருக்காது.

கருவியை ஒதுக்குதல் இதற்குத் தீர்வாகாது. பெயரறியாப் புழுவின் முன் தனித்து நின்ற உழவருக்குக் கருவி தேவைதான். படம் எடுத்து விடை கேட்பதற்குமுன் குருத்தைப் பிரித்துப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வருதல், பின்னர்க் கருவியின் விடையோடு அதனை ஒப்பிடுதல், இரண்டும் முரண்பட்டால் அறிந்தோரை நாடுதல் என்னும் ஒழுங்கு அவருக்கு உதவும். வகுப்பறைக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். முதலில் தன் விடை, பின்னர்க் கருவியின் விடை, இறுதியில் சான்று. இவ்வரிசை மாறாதிருக்கும்வரை கருவி கண்ணுக்குத் துணையாக இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

படைப்புழுவின் தலையில், கவிழ்த்து வைத்த கவட்டையைப் போன்ற வெளிர்நிறக் கோடு காணப்படும். உடலின் பின்பகுதியில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடலின் மென்மயிரால் மூடிவைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் விளையும் பயிர் ஒன்றைத் தாக்கும் பூச்சியின் அடையாளங்களை மூத்த உழவர் ஒருவரிடம் கேட்டறிந்து எழுதுக. அதே பூச்சியைப் பற்றிச் செயலி தரும் செய்தியோடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. ‘கடன்வாங்கிய கண்’ என்னும் தொடரின் பொருத்தத்தை விளக்குக.

3. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்போது மாணவர் பின்பற்ற வேண்டிய நெறிகளைத் தொகுத்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக. செயலியின் துணையின்றி முதல் வரைவை எழுதுக.