மரத்துக்கு எதற்குக் கறுப்புக் கரை?

புணே சனிவார் வாடாவின் தில்லி தர்வாஜாவைக் கைப்பேசியில் முப்பரிமாணத்தில் காட்டும் வேலை. 1828 தீயில் மாளிகை எரிந்துபோக, மிஞ்சியது மதிலும் வாசல்களும் அடித்தளங்களும்தான். வாசல் நன்றாக வந்துவிட்டது, மரங்கள்தான் படுத்தின. இலை இலையாக ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைந்தால் கைப்பேசி திணறும். அதனால் ஒரு மரத்தை ஒருமுறை ரெண்டர் செய்து, டெக்ஸ்சராகப் பிடித்து, தூரத்து மரங்களாக அட்டைபோல் நட்டுவைத்தேன்.

பக்கத்து இருக்கை மராத்தித் தோழி எட்டிப் பார்த்தார். “மரத்துக்கு எதுக்கு இந்தக் கறுப்பு காட்?” என்றார். புடவைக் கரைக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. பொருத்தமாகத்தான் சொன்னார்: ஒவ்வொரு இலையைச் சுற்றியும் மெல்லிய கறுப்புக் கரை.

இரண்டு நாள் அந்தக் கரையையே சுரண்டினேன். ஆல்ஃபா குறைந்த பிக்சல்களை ஷேடரில் வெட்டி எறிந்தேன். கறுப்பு குறைந்தது, இலைகள் ரம்பப் பல்லாயின.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. டெக்ஸ்சரைத் துடைக்கும் நிறத்தைக் கறுப்பிலிருந்து பளீர் இளஞ்சிவப்புக்கு மாற்றினேன். ஆல்ஃபா பூஜ்யமாகவே இருந்தது. கரையும் இளஞ்சிவப்பானது! கண்ணுக்குத் தெரியாத பின்னணி, இலை ஓரத்தில் கலந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஓரப் பிக்சலில் இலை பாதிதான். டெக்ஸ்சரில் வரையும்போதே பச்சை 0.5ஆல் பெருக்கப்பட்டுவிடுகிறது. அதைத் திரையில் ஒட்டும்போது மறுபடி ஆல்ஃபாவால் பெருக்கினால் பச்சை இருண்டுவிடும். ஆல்ஃபாவுக்கும் அதே கலவை விதியை விட்டிருந்தேன், 0.5 தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு 0.25 ஆனது. கெட்டியான கிளைமேல் இலை ஓரம் விழுந்த இடங்களில் ஆல்ஃபா 0.75க்கு இறங்கி, மரத்தின் நடுவே மதில் தெரிந்தது.

தீர்வு மூன்று படி. துடைக்கும் நிறம் நான்கு சேனலிலும் பூஜ்யம். பிடிக்கும்போது ஆல்ஃபாவுக்குத் தனி கலவை விதி: மூலத்துக்கு 1, ஏற்கெனவே இருப்பதற்கு ‘1 கழித்தல் ஆல்ஃபா’. ஒட்டும்போது நிறத்துக்கும் இதே விதி. இதுதான் ப்ரீமல்டிப்ளைட் ஆல்ஃபா. போர்ட்டரும் டஃப்பும் 1984 கட்டுரையிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

கரை போனது என்று படத்தை பிஎன்ஜியாகச் சேமித்தேன். திறந்தால் மறுபடி கறுப்பு. பிஎன்ஜி, பெருக்காத நிறத்தையே எதிர்பார்க்கும். சேமிக்கும் முன் நிறத்தை ஆல்ஃபாவால் வகுக்க வேண்டும்; ஆல்ஃபா பூஜ்யமான பிக்சலை மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஓரத்தில் வேறு தொல்லைகளும் வரும். மரத்தின் உச்சியில் அடிமரத்தின் பழுப்புக் கோடு தெரிந்தால், டெக்ஸ்சர் ‘ரிப்பீட்’டில் இருக்கிறது; ‘கிளாம்ப்’புக்கு மாற்றுங்கள். பல மரங்களை ஒரே டெக்ஸ்சரில் அடுக்கியிருந்தால் கிளாம்ப் உதவாது, இடைவெளி விட வேண்டும். மிப்மேப்பில் ஒவ்வொரு படிக்கும் அந்த இடைவெளி பாதியாகும். 2 பிக்சல் விட்டால் இரண்டாம் படியிலேயே அரை பிக்சல்தான் மிஞ்சும். திரையில் வழவழப்பான ஓரம் டெக்ஸ்சரில் மட்டும் படிக்கட்டானால், திரைக்குப் போட்ட மல்டிசாம்பிளிங் டெக்ஸ்சருக்குத் தானாக வராது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போதெல்லாம் பிடித்த டெக்ஸ்சரில் கரை தெரிந்தால் என் முதல் வேலை, பின்னணிக்கு இளஞ்சிவப்பு ஊற்றிப் பார்ப்பது. கசிவு இருந்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.