கேஸ் அடுப்பு: உங்கள் கேள்விகள்

? வாடகை வீட்டில் இருக்கிறோம். கேஸ் டியூப் மாற்றுவது வீட்டுக்காரர் செலவா, எங்கள் செலவா?
– வாசகி, திருச்சி

கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் செலவு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் டியூபும் உங்களோடு வந்தவை, உங்கள் பொறுப்பு. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்குள் வெடிப்பு விட்டால் அன்றே மாற்றுங்கள். அடுப்பில் மாட்டும் முனையை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

? கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

கூடவே கூடாது. சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

? வீட்டை வாடகைக்கு விடுகிறேன். என் பழைய கனெக்‌ஷனையே குடிவருபவர் பயன்படுத்திக்கொள்ளட்டுமே?
– வாசகர், தாம்பரம்

வேண்டாம். ஏஜென்சி கணக்கில் இருப்பது நீங்கள். அடுப்பு எரிப்பது வேறொருவர். விபத்து நடந்து காப்பீடு கேட்கப் போனால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். உங்கள் கனெக்‌ஷனை உங்கள் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குடிவருபவர் தன் பெயரில் வாங்கட்டும்.

? மாடுலர் கிச்சன் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறேன். சிலிண்டர், மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள். எலி வராமலிருக்க ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்று. குடியிருப்பவர் கேஸ் வாடை என்று அடிக்கடி குறை சொல்கிறார்.
– வாசகர், கோவை

அவர் குறை சொல்லவில்லை ஐயா, எச்சரிக்கிறார். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சி மெக்கானிக்கை வரவழைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதியைப் படியுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுத்துக் கிடக்கும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கீழே கிடக்கும் கேஸை அது வெளியேற்றாது. கசிவு நேரத்தில் அதன் சுவிட்சைத் தொடுவதே ஆபத்து. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே எல்.பி.ஜி. பற்றும். மூடிய அலமாரிக்குள் இரவெல்லாம் மெல்லக் கசிந்து சேர்ந்தது, விடியற்காலையில் பால் காய்ச்ச வருபவர் லைட்டைப் போட்டதும் பிடித்துக்கொள்கிறது. யாரும் சுவிட்சைத் தொடாவிட்டாலும், ஃப்ரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போது வரும் பொறி போதும்.

புது வீடுகளில் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறேன். கிரானைட் மேடைக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள், சிலிண்டர் பக்கம் காற்றுப் போக ஒரு சாண் இடம் விடுவதில்லை. அலமாரிக் கதவில் மேலும் கீழும் துளை போடுங்கள். சமையலறை வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு ஜாலி வையுங்கள். எலிக்குக் கம்பி வலை போதும். இதெல்லாம் முழுக்க உங்கள் வேலை. வாடகைக்கு இருப்பவர் உங்கள் சுவரை உடைக்க முடியாது.

? வாடகை வீட்டு பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர் இருக்கிறது. ‘ஜன்னல்தான் இருக்கிறதே’ என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, ஓசூர்

ஓசூர்க் குளிரில் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுத்தானே குளிப்பீர்கள்? அடைத்த அறையில் கீஸர் எரிந்தால் பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயக்கம் வந்தபின் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. கீஸரைக் கழற்றி வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். செய்துதரும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள்.

? தனியாக இருக்கிறேன். சிலிண்டர் தீரும் நேரத்தில் வாடை கூடுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பயப்படாதீர்கள் அம்மா. வாடைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் மெதுவாகத்தான் ஆவியாகும். அது அடியில் தங்கி, கேஸ் தீரும் தறுவாயில் கூடுதலாக வரும். ஆனாலும் அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாசலுக்கு வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.