இடி விழுமா?

"இடி விழுந்து பனைமரம் எரிந்துவிட்டது" என்று சொல்கிறோம். விழுந்தது இடியா? இல்லை, மின்னல். மின்னல் என்பது மின்சாரம். அது பாயும்போது காற்று மிகவும் சூடாகிறது. சூடான காற்று சட்டென்று விரிகிறது. அந்த அதிர்வின் ஒலியே இடி. இடி விழுவது நம் காதில் மட்டும்தான்!

மின்னலும் இடியும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஆனால் மின்னலை முதலில் பார்க்கிறோம். இடியைப் பிறகு கேட்கிறோம். ஏன்? ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒலி காற்றில் ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். அதாவது, 3 நொடியில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்.

கணக்குப் போடுவோமா? மின்னல் தெரிந்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். வந்த எண்ணை 3-ஆல் வகுங்கள். 9 வந்தால், 9 ÷ 3 = 3. மின்னல் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

"தூரத்தில்தானே, நடவை முடித்துவிடலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த மின்னல் உங்கள் வயலிலேயே விழலாம். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அவர்களில் பலர் வயலில் வேலை செய்தவர்கள்.

இடி கேட்டாலே வேலையை நிறுத்துங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். நல்ல கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

பயிற்சி: மின்னல் தெரிந்து 12 நொடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தூரத்தில்? உடனே என்ன செய்வீர்கள்?