பையை வேகமாக அமுக்க வேண்டாமா?

கேள்வி: ஆவடியிலிருந்து அப்பாவை 108 வண்டியில் கொண்டுபோனபோது, மூச்சுக்கான பையை உடன்வந்தவர் மெதுவாகத்தான் அமுக்கினார். அது சரியா?
- வாசகர், ஆவடி

பதில்: சரிதான். நாடி துடித்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு போதும். 1 விநாடி அமுக்கி, நெஞ்சு எழும்பியதும் விட்டுவிட வேண்டும். பை ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும். தேவையோ அரை லிட்டர் சொச்சம். பதறிப்போய்ப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், அது நுரையீரலில் இறங்கலாம். இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும்.

அமுக்குவதைவிட, பையோடு இணைந்த மாஸ்க்கைக் காற்று கசியாமல் பிடிப்பதுதான் கஷ்டம். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல், தாடையைத் தூக்கி அதனோடு சேர்க்க வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் குலுங்கும் வண்டியில் ஒற்றைக் கையால் இதைச் செய்வது லேசா என்ன? இன்னொருவர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்கலாம்.