சென்னையும் கொழும்பும்

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவிற் பறக்கும் விமானம் இத்தொலைவை ஐம்பத்தொரு நிமிடத்திற் கடக்கும் என்பது கணக்கு. ஆயினும் பயணம் ஒன்றேகால் மணி அளவு ஆகின்றது. நிலத்தினின்று மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் விமானத்தின் விரைவு குறைவு. வழியின் நடுப்பகுதியில் மட்டுமே முழுவிரைவு வாய்க்கும். தொலைவு குறையக் குறைய இவ்வேறுபாடு மிகுந்து தோன்றும்.

முற்காலத்தில் இவ்விரு நகரங்களுக்கிடையே செல்வோர் தூத்துக்குடி வரை இரயிலிற் சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலேறினர். இராமேசுவரத் தீவின் கிழக்கு முனையாகிய தனுக்கோடியோ இலங்கைக்கு மிக அண்மையில் உள்ளது. ஆனால், பாம்பன் கடற்கால் அத்தீவை நிலத்தினின்று பிரித்து நின்றது. பல கண்களையுடைய இருப்புப்பாலம் அதன்மேல் அமைக்கப்பெற்று, 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வருங்கால் அதன் நடுக்கண் இரு கதவுகள்போல் மேலே விரியும். பல்சக்கரங்களைச் சுழற்றி அதனைத் திறந்தவர்கள் தொழிலாளர்களே.

அதன்பின் சென்னை எழும்பூரில் இரவு இரயிலேறியவர் மறுநாட் பிற்பகல் தனுக்கோடியை அடைந்தார். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி 22 மைல். கப்பலில் இரண்டு மணி அளவு. மீண்டும் இரவு இரயில், விடிந்தாற் கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். 'போட் மெயில்' என்னும் பெயரைக் கப்பல் நின்று பல்லாண்டுகள் கழிந்தும் மக்கள் விடவில்லை!

எல்லார்க்கும் இப்பயணம் இரண்டு இரவும் ஒரு பகலுமாக முடியவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், தொற்றுநோய் பரவாதிருத்தற்பொருட்டு மண்டபம் முகாமிற் சில நாள் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். கால அட்டவணை அந்நாட்களைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயல் தனுக்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற இரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. பாலம் செப்பனிடப்பட்டது, தனுக்கோடி நகரோ மீளவில்லை. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது. 1964 அக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மலையகத்தினின்று அனுப்பப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அக்கப்பலிலேயே வந்திறங்கினர். அவர்களுட் பலர் இந்நாட்டை முன்பு கண்டறியாதவர். 1983 ஆம் ஆண்டில் இலங்கையில் மூண்ட கலவரத்தையும் அடுத்து நிகழ்ந்த போரையும் தொடர்ந்து அக்கப்பலும் நின்றது.

2015 ஆம் ஆண்டில் தலைமன்னார் இறங்குதுறை வரை இருப்புப்பாதை மீண்டும் இடப்பட்டது. இப்பக்கம் பாம்பனிற் புதிய இரயிற்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரிற் புறப்பட்டது. தனுக்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் 30 கிலோமீட்டர் அளவே. இராமேசுவரத்தார் ஒருவர் விமானத்தை நம்பித் தலைமன்னார் செல்ல விரும்பின், 170 கிலோமீட்டர் கடந்து மதுரையை அடைந்து, கொழும்புக்குப் பறந்து, பின்னர் வடக்கு நோக்கி 300 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வருதல் வேண்டும். அவ்வழி 800 கிலோமீட்டரைத் தாண்டுகின்றது.